புதிய பைத்தான் வேண்டுமா? பழையதைத் தொடாதீர்கள்!

2023ஆம் ஆண்டு தீபாவளி நிகழ்ச்சிக்கு இன்னும் நான்கு நாள்தான் இருந்தது. எங்கள் பலதுறைத் தொழிற்கல்லூரியின் தமிழ் மாணவர் குழுவுக்காக நான் உருவாக்கிய பதிவுத் தளம் இரவு பத்து மணிவாக்கில் நின்றுபோனது. வருவதாகப் பதிவு செய்தவர்களின் பெயர், தொலைபேசி எண், சைவமா அசைவமா என்ற விவரம் எல்லாம் அந்த ஒரே சேவையகத்தில்தான் இருந்தன. வேறு எங்கும் நகல் இல்லை.

யாரும் ஊடுருவவில்லை. நானே என் கையால் அதை முடக்கியிருந்தேன். நான் செய்ய நினைத்ததோ மிகச் சாதாரணமான வேலை: மேகச் சேவையகத்தில் இருந்த பைத்தான் நிரல்மொழியின் பழைய பதிப்பை எடுத்துவிட்டுப் புதிய பதிப்பைப் போடுவது.

அந்தக் குழுவின் இப்போதைய தொழில்நுட்பப் பொறுப்பாளர் சென்ற மாதம் எனக்குக் குறுஞ்செய்தி அனுப்பினார். “அண்ணா, நம்ம சர்வர்ல பைத்தான் 3.10 பழசாயிடுச்சுன்னு சொல்றாங்க. எடுத்துட்டுப் புதுசு போட்டுடவா?”

அவர் கேட்டதில் காரணம் இருக்கிறது. பைத்தான் 3.9 பதிப்புக்கான ஆதரவு 2025 அக்டோபரில் முடிந்தது. அதே மாதம் 3.14 வெளிவந்தது. 3.10 பதிப்பின் தவணை 2026 அக்டோபரில் முடிகிறது. மேகச் சேவையகங்களில் பல ஆண்டுகளாகப் புழங்கிவந்த ‘அமேசான் லினக்ஸ் 2’ இயங்குதளத்துக்கு 2026 ஜூன் 30 கடைசி நாளாகக் குறிக்கப்பட்டுள்ளது. ‘ஓ’ நிலையில் கணினிப் பாடம் எடுத்தவர்கள் முதல் பல்கலைக்கழக இறுதியாண்டுத் திட்டப்பணி செய்பவர்கள் வரை, பைத்தானில் எழுதும் மாணவர்கள் பலருக்கும் இந்தக் கேள்வி என்றாவது ஒருநாள் வரும். வேலைப்பயிற்சிக்குச் செல்லும் இடத்தில் முதல் வாரமே வரலாம்.

அவருக்கு நான் எழுதிய பதிலைத்தான் இங்கே விரிவாகத் தருகிறேன்.

மடிக்கணினி வேறு, சேவையகம் வேறு

அன்றிரவு நடந்தது இதுதான். வருகையாளர்களைக் கியூஆர் குறியீட்டின்வழி வரவேற்கும் புதிய வசதி ஒன்றை என் மடிக்கணினியில் எழுதி முடித்திருந்தேன். அதில் இருந்தது பைத்தான் 3.11. சேவையகத்தில் இருந்ததோ உபுண்டு 22.04 லினக்ஸ், அதனுடன் வரும் பைத்தான் 3.10. அமைப்புக் கோப்பை வாசிக்க ‘டாம்ல்-லிப்’ என்ற நூலகத்தைப் பயன்படுத்தியிருந்தேன். 3.11 பதிப்பில்தான் அது பைத்தானுடன் சேர்க்கப்பட்டது. ஆகவே, என் கணினியில் நன்றாக ஓடிய நிரல், சேவையகத்தில் ‘அப்படி ஒன்று இங்கே இல்லை’ என்று சொல்லித் தொடக்கத்திலேயே நின்றது.

இணையத்தில் தேடி 3.11 பதிப்பை நிறுவினேன். நிறுவிய பிறகும் ‘பைத்தான்3’ என்று தட்டினால் 3.10தான் பதில் சொன்னது. கைப்பேசியில் புதிய செயலி வந்தால் பழையது போய்விடும் அல்லவா? இங்கேயும் அப்படித்தான் இருக்க வேண்டும் என்று எண்ணி, பழையதை நீக்கும் கட்டளையைக் கொடுத்தேன். நீக்கப்படவிருக்கும் மென்பொருள்களின் நீண்ட பட்டியல் திரையில் ஓடியது. தொடரலாமா என்று கேட்டது. ‘ஒய்’ அழுத்தினேன். பிறகு சேவையகத்தை மறுதொடக்கம் செய்தேன்.

அது திரும்பவும் என்னுடன் பேசவே இல்லை.

பதற்றத்தில், கணினித் துறையில் வேலை செய்யும் முன்னாள் மாணவி ஒருவரை அழைத்தேன். நடந்ததைக் கேட்டுவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி இன்றும் என் காதில் இருக்கிறது: “அந்த லிஸ்ட்ட ஒரு தரமாவது படிச்சியா தம்பி?”

படிக்கவில்லை. படித்திருந்தால் அதில் ‘நெட்பிளான்’ என்ற பெயரைப் பார்த்திருப்பேன். உபுண்டு சேவையகத்தின் பிணைய இணைப்பை அமைத்துத் தருவது அதுதான். ‘கிளவுட்-இனிட்’ என்ற பெயரும் இருந்திருக்கும். மேகச் சேவையகம் விழித்தெழும்போது அதற்குப் பெயர், நுழைவுத் திறவுகோல், பிணைய விவரம் ஆகியவற்றை ஏற்பாடு செய்வது அது. இரண்டுக்கும் பைத்தான் தேவை. பைத்தானை நீக்கச் சொன்னதும், அதை நம்பியிருந்த அனைத்தையும் லினக்ஸ் முறைப்படி நீக்கிவிட்டது. அதன்மீது குற்றம் இல்லை. அது என்னிடம் அனுமதி கேட்டது.

வீட்டில் உள்ள கணினியாக இருந்தால் விசைப்பலகையைப் பிடித்து எதையாவது சரிசெய்யலாம். மேகச் சேவையகம் எங்கோ ஒரு தரவு நிலையத்தில் இருக்கிறது. அதை அடைய எனக்கு இருந்த வழி பிணைய இணைப்பு மட்டுமே. அந்த வழியை நானே மூடிவிட்டேன்.

பொதுக் குழாயும் நம் வீட்டுக் குழாயும்

வீவக புளோக்கில் குடியிருப்பவர்களுக்கு ஓர் உதாரணம் சொன்னால் எளிதாகப் புரியும். நம் வீட்டுச் சமையலறைக் குழாயை நம் விருப்பப்படி மாற்றிக்கொள்ளலாம். ஆனால் எல்லா மாடிகளுக்கும் தண்ணீர் கொண்டுசெல்லும் பொதுக் குழாய் நம் வீட்டு வழியாகப் போகிறது என்பதற்காக அதை அறுத்து வேறு அளவில் போட முடியாது.

லினக்ஸ் சேவையகத்தில் ஏற்கெனவே இருக்கும் பைத்தான் அந்தப் பொதுக் குழாய். நாம் நிரல் எழுதுவதற்காக மட்டும் வைக்கப்பட்டது அன்று. இயங்குதளத்தின் பல கருவிகள் அதைப் பயன்படுத்துகின்றன. ஒவ்வொன்றும் அந்தக் குறிப்பிட்ட பதிப்புடன் சோதித்துப் பார்க்கப்பட்டுள்ளது.

நீக்காமல், ‘பைத்தான்3’ என்ற பெயரை மட்டும் புதிய பதிப்புக்குத் திருப்பிவிடும் குறுக்குவழியும் உண்டு. அதுவும் ஆபத்துதான். உபுண்டுவில் அப்படிச் செய்தவர்கள், மென்பொருள் பட்டியலைப் புதுப்பிக்க முயலும்போது ‘ஏபிடி-பிகேஜி’ என்ற கூறு காணவில்லை என்ற பிழைச் செய்தியைப் பார்த்திருப்பார்கள். அந்தக் கூறு வட்டில் பத்திரமாகத்தான் இருக்கும். ஆனால் அது 3.10 பதிப்புக்காகவே இயந்திரமொழிக்கு மாற்றப்பட்டது, 3.11 அதைத் தனக்குரியதாக ஏற்காது.

இந்தப் பிரச்சினை உபுண்டுவுக்கு மட்டும் உரியதன்று. சென்ட்ஓஎஸ் 7 காலத்தில் மென்பொருள் நிறுவும் ‘யம்’ கருவி பைத்தான் 2.7 பதிப்பில் இயங்கியது. ‘பைத்தான்’ என்ற பெயரைப் புதிய பதிப்புக்குத் திருப்பியவுடன் ‘யம்’ உடைந்துவிடும். இந்தத் தொல்லையைத் தவிர்க்கவே ரெட் ஹேட் நிறுவனம் தன் எட்டாம் பதிப்பு லினக்ஸில் இயங்குதளத்துக்கென்று தனிப் பைத்தானை ஒதுக்கி, பயனாளர்களின் பைத்தானிலிருந்து பிரித்து வைத்தது. அமேசான் லினக்ஸ் 2023இல் இயங்குதளத்தின் பைத்தான் 3.9. 3.11, 3.12 போன்றவற்றை அதன் அருகில் தனியாக நிறுவிக்கொள்ள முடியும். 3.9 தன் இடத்திலேயே இருக்கும்.

பெரிய நிறுவனங்கள் பல ஆண்டு அனுபவத்தில் கண்ட வழியும் இதுதான்: மாற்றாதே, பக்கத்தில் வை.

இரண்டு கடிகாரங்கள்

“அப்படியானால் பழைய பதிப்பு ஆபத்தில்லையா?” என்று கேட்கலாம். இங்கேதான் மாணவர்கள் பலரும் குழம்புகிறார்கள். நானும் குழம்பினேன்.

பைத்தான் 3.9 தொடங்கி, ஒவ்வோர் ஆண்டும் அக்டோபரில் ஒரு புதிய பதிப்பு வருகிறது. ஒவ்வொன்றுக்கும் ஏறத்தாழ ஐந்து ஆண்டு ஆதரவு. முதலில் பிழைத் திருத்தங்களும் கிடைக்கும். பிறகு பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும். அதன்பின் எதுவும் இல்லை. இது பைத்தான் குழுவின் கடிகாரம்.

லினக்ஸ் நிறுவனங்களிடம் இன்னொரு கடிகாரம் இருக்கிறது. உபுண்டு 22.04க்கு வழக்கமான ஆதரவு 2027ஆம் ஆண்டு வரை உண்டு. அதனுடன் வந்த பைத்தான் 3.10 பதிப்பைப் பைத்தான் குழு 2026இல் கைவிட்டாலும், உபுண்டுவைப் பராமரிக்கும் கெனானிக்கல் நிறுவனம் அதற்கான பாதுகாப்புத் திருத்தங்களைத் தொடர்ந்து தரும். ரெட் ஹேட் எட்டாம் பதிப்பு இதைவிடத் தெளிவான உதாரணம். அதிலுள்ள இயங்குதளப் பைத்தான் 3.6. அதைப் பைத்தான் குழு 2021 டிசம்பரிலேயே நிறுத்திவிட்டது. ரெட் ஹேட் அந்த இயங்குதளத்தை 2029 வரை பராமரிக்கிறது.

இது எப்படி முடிகிறது? புதிய பதிப்பில் ஒரு பாதுகாப்புக் குறைபாடு சரிசெய்யப்பட்டால், அந்தத் திருத்தத்தை மட்டும் எடுத்துப் பழைய பதிப்பிலும் பொருத்திவிடுகிறார்கள். பதிப்பு எண் மாறாது. உள்ளே ஓட்டை அடைக்கப்பட்டிருக்கும். ஆகவே எண்ணை மட்டும் பார்த்து ‘இது பாதுகாப்பற்றது’ என்று முடிவு செய்வது தவறு.

அப்படியென்றால் புதிய பதிப்பே தேவையில்லையா? தேவைப்படும் நேரமும் உண்டு. நாம் பயன்படுத்தும் நூலகங்கள் பழைய பைத்தானைக் கைவிடும்போது நமக்கு வேறு வழியில்லை. இணையத்தளம் அமைக்கப் பலரும் பயன்படுத்தும் ‘ஜாங்கோ’வின் 6.0 பதிப்பு 2025 டிசம்பரில் வந்தது. அதற்குக் குறைந்தது பைத்தான் 3.12 வேண்டும். உபுண்டு 22.04இல் உள்ள 3.10ஐ வைத்துக்கொண்டு அதை ஓட்ட முடியாது.

என் கதையில் அந்தக் கட்டாயம்கூட இல்லை. ‘டாம்ல்-லிப்’ உருவானதே ‘டாம்லி’ என்ற தனி நூலகத்திலிருந்துதான். அது 3.10 பதிப்பிலும் வேலை செய்யும். ஒரு நூலகத்தை நிறுவி, ஒரு வரியைத் திருத்தியிருந்தால் போதும். சேவையகத்தைத் தொட்டே இருக்க வேண்டாம். நிறுவுவதற்கு முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி, ‘எப்படி நிறுவுவது’ அன்று. ‘எதற்காக நிறுவுகிறேன்’ என்பதே.

பக்கத்தில் வைக்கும் வழிகள்

உண்மையிலேயே தேவை என்று தெரிந்தபின், வழிகள் பல. ஒவ்வொன்றிலும் பராமரிப்புப் பொறுப்பு ஒவ்வொருவரிடம் போகிறது. அதைத் தெரிந்துகொண்டு தேர்ந்தெடுக்க வேண்டும்.

முதல் வழி, இயங்குதளத்தின் சொந்தக் களஞ்சியத்திலேயே புதிய பதிப்பு இருக்கிறதா என்று பார்ப்பது. அமேசான் லினக்ஸ் 2023இல் இருக்கிறது. இருந்தால் அதையே எடுங்கள். பிற மென்பொருள்களைப் புதுப்பிக்கும்போது இதற்கான திருத்தங்களும் சேர்ந்து வரும்.

இரண்டாவது, உபுண்டு பயனாளர்கள் பலரும் நாடும் ‘டெட்ஸ்நேக்ஸ்’ என்ற வெளிக் களஞ்சியம். பல பைத்தான் பதிப்புகள் அதில் கிடைக்கின்றன. வசதியானதுதான். ஆனால் பாதுகாப்புத் திருத்தங்கள் உடனுக்குடன் வரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை என்று அந்தக் களஞ்சியமே வெளிப்படையாக எழுதி வைத்திருக்கிறது.

மூன்றாவது, மூல நிரலை இறக்கி நாமே தொகுப்பது. கற்றுக்கொள்வதற்கு அருமையான வழி. கடைசிக் கட்டளையில் ‘இன்ஸ்டால்’ என்று போடாமல் ‘ஆல்ட்இன்ஸ்டால்’ என்று போட வேண்டும். அப்போது ‘பைத்தான்3’ என்ற பெயரில் கை வைக்காமல், பதிப்பு எண்ணுடன் கூடிய தனிப் பெயரில் அது நிறுவப்படும். ஓபன்எஸ்எஸ்எல் நிரலாக்கக் கோப்புகளை முதலிலேயே நிறுவ மறந்தால், உருவாகும் பைத்தானுக்குப் பாதுகாப்பான இணைய இணைப்பு வராது. நூலகங்களையும் இறக்க முடியாது. குறைந்த நினைவகமுள்ள மலிவான சேவையகத்தில் இந்த வேலைக்கு நீண்ட நேரம் ஆகும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

நான்காவது, ‘பைஎன்வி’, ‘யூவி’ போன்ற கருவிகள். இவை நிர்வாகி உரிமை இல்லாமலே நம் சொந்தக் கோப்புறைக்குள் பைத்தானை வைக்கும். முதலாவது அங்கேயே தொகுக்கும். இரண்டாவது, தயாராக உள்ளதை இறக்கித் தரும். மாணவர் திட்டப்பணிகளுக்கு இப்போது நான் முதலில் பரிந்துரைப்பது இதைத்தான். தவறு நேர்ந்தால் அந்தக் கோப்புறையை அழித்துவிட்டு மீண்டும் தொடங்கலாம். இயங்குதளத்துக்கு ஒன்றும் ஆகாது.

ஐந்தாவது, ‘டாக்கர்’ கொள்கலன். நிரலும் அதற்குரிய பைத்தானும் ஒரே பெட்டிக்குள் இருக்கும். அதற்காகப் பெட்டியை ஒருமுறை கட்டிவிட்டு மறந்துவிட முடியாது. அவ்வப்போது புதிய அடித்தளத்துடன் மறுபடியும் கட்ட வேண்டும்.

எந்த வழியில் சென்றாலும், திட்டத்துக்கென்று தனி மெய்நிகர் சூழல் ஒன்றை உருவாக்கி, நூலகங்களை அதற்குள் நிறுவுங்கள். டெபியன் 12, உபுண்டு 24.04 போன்றவற்றில், இயங்குதளத்தின் பைத்தானுக்குள் ‘பிப்’ மூலம் நேரடியாக நூலகம் நிறுவ முயன்றால் தடுத்துவிடும். அந்தத் தடையை மீறும் தெரிவும் உண்டு. அதன் பெயரே ‘இயங்குதளத் தொகுப்புகளை உடை’ என்ற பொருளில் வைக்கப்பட்டிருக்கிறது. செயற்கை நுண்ணறிவு உரையாடு செயலி அந்தத் தெரிவைச் சேர்த்துக் கட்டளை எழுதித் தந்தால், ஒட்டுவதற்கு முன் அந்தப் பெயரை ஒருமுறை வாய்விட்டுப் படியுங்கள்.

இன்னொரு சிறு விஷயம். கையால் ஓட்டிப் பார்க்கும்போது வேலை செய்த நிரல், சேவையகம் மறுதொடக்கமானதும் பழைய பைத்தானில் ஓட முயன்று விழுவது உண்டு. தானாகத் தொடங்கும் சேவையின் அமைப்பில் புதிய பைத்தானின் முழுப் பாதையையும் எழுதுங்கள். ‘பைத்தான்3’ என்று மட்டும் எழுதி விட்டுவிடாதீர்கள்.

புதியது பழையதாகும் கதை

இனி, சென்ற மாதம் வந்த குறுஞ்செய்திக்கு வருகிறேன். அந்தத் தம்பியுடன் சேர்ந்து சேவையகத்துக்குள் நுழைந்து பார்த்தேன். 2023 சம்பவத்துக்குப் பிறகு நான் அமைத்த அதே சேவையகம், அதே உபுண்டு 22.04. எனக்குப் பின் பொறுப்பேற்றவர் மூல நிரலிலிருந்து பைத்தான் 3.12.1 பதிப்பைத் தொகுத்து வைத்திருந்தார். சரியாக, பக்கத்தில்தான் வைத்திருந்தார். தளம் அதில்தான் ஓடிக்கொண்டிருந்தது. அவர் படிப்பை முடித்துத் தேசிய சேவைக்குப் போய்விட்டார்.

3.12.1 வெளிவந்தது 2023 டிசம்பரில். அதன்பின் 3.12 வரிசையில் பல திருத்தப் பதிப்புகள் வந்துவிட்டன. எடுத்துக்காட்டாக, ‘டார்’ கோப்புகளைப் பிரித்தெடுக்கும் பகுதியில் இருந்த கடுமையான குறைபாடுகள் 2025 ஜூனில் 3.12.11 பதிப்பில் சரிசெய்யப்பட்டன. எங்கள் சேவையகத்துக்கு அவற்றில் ஒன்றுகூட வரவில்லை. கையால் தொகுத்ததைக் கைதான் புதுப்பிக்க வேண்டும். அந்தக் கை இப்போது முகாமில் இருக்கிறது.

அதே சேவையகத்தில், யாரும் கண்டுகொள்ளாத 3.10 பதிப்புக்கோ உபுண்டுவின் தானியங்கிப் புதுப்பிப்பின்வழி திருத்தங்கள் வந்துகொண்டே இருந்தன. ‘பழசு’ என்று அந்தத் தம்பி எடுக்க நினைத்தது பராமரிக்கப்பட்டது. ‘புதுசு’ என்று நாங்கள் நம்பியதுதான் கைவிடப்பட்டது.

எனக்கு வெட்கம் தந்த இன்னொன்றும் அங்கே இருந்தது. 2023இல் பதிவு செய்தவர்களின் பெயர்களும் தொலைபேசி எண்களும் அப்படியே இருந்தன. நிகழ்ச்சி முடிந்ததும் நான் அழித்திருக்க வேண்டும். தேவை முடிந்த தனிப்பட்ட தகவலை வைத்திருக்கக்கூடாது என்பது நம் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் நிறுவனங்களுக்கு விதிக்கும் கடமை. மாணவர்தானே என்று நாமும் அதை மறந்துவிடலாகாது.

இதெல்லாம் மாணவர் குழுவின் சிறிய விவகாரம் என்று எண்ண வேண்டாம். 2018இல் சிங்ஹெல்த் மீது நடந்த தாக்குதலில் 1.5 மில்லியன் நோயாளிகளின் தனிப்பட்ட விவரங்கள் திருடப்பட்டன. அதை ஆராய்ந்த விசாரணைக் குழு சுட்டிய பல காரணங்களில், உரிய நேரத்தில் பாதுகாப்புத் திருத்தம் செய்யப்படாத மென்பொருளும் ஒன்று. சிங்கப்பூர் இணையப் பாதுகாப்பு அமைப்பு 2022இல் சிறு நிறுவனங்களையும் மனத்தில் வைத்து அறிமுகப்படுத்திய ‘சைபர் எசென்ஷியல்ஸ்’ சான்றிதழ் வலியுறுத்தும் அடிப்படைகளில், என்னென்ன மென்பொருள் இருக்கிறது என்ற பட்டியல், புதுப்பிப்பு, காப்பு நகல் ஆகியவை இடம்பெறுகின்றன. அந்த மூன்றில் ஒன்றுகூட எங்களிடம் இல்லை.

தம்பிக்கு எழுதிய பதில்

அந்த 2023 இரவு நல்லபடியாகத்தான் முடிந்தது. மேகத்தில் வட்டு என்பது கழற்றி மாட்டக்கூடிய ஒன்று. அக்கா சொன்னபடி, முடங்கிய சேவையகத்தின் வட்டைக் கழற்றி, புதிதாக எடுத்த இன்னொரு சேவையகத்தில் மாட்டி, தரவுத்தளத்தை நகலெடுத்தேன். விடியற்காலை இரண்டரை மணிக்குத் தளம் மீண்டும் ஓடியது. எல்லோருக்கும் அத்தனை எளிதாக அமையும் என்று சொல்ல முடியாது.

ஆகவே தம்பிக்கு இப்படி எழுதினேன்: “3.10ஐத் தொடாதே. அது சேவையகத்தின் சொத்து. முதலில் வட்டுக்கு ஒரு நகல் எடு. பழைய பதிவு விவரங்களை அழி. 3.12இன் ஆகக் கடைசித் திருத்தப் பதிப்பை உன் கோப்புறைக்குள் நிறுவு. மெய்நிகர் சூழலைப் புதிதாக உருவாக்கு. தளத்தை அதற்கு மாற்று. ஒரு வாரம் பார்த்துவிட்டுப் பழைய 3.12.1ஐ நீக்கு. நீக்கும்போது திரையில் பட்டியல் வந்தால் முழுவதும் படி.”

கடைசியாக ஒரு வேலையும் கொடுத்தேன். குழுவின் பொறுப்பு ஒப்படைப்பு ஆவணத்தில் ஒரு பக்கம் சேர்க்கச் சொன்னேன்: எந்தப் பைத்தான், எங்கிருந்து வந்தது, யார் நிறுவியது, ஆதரவு எப்போது முடிகிறது, அடுத்துப் பார்க்க வேண்டியவர் யார்.

மறுநாள் அந்தப் பக்கம் வந்து சேர்ந்தது. ‘அடுத்துப் பார்க்க வேண்டியவர்’ என்ற இடத்தில் அவர் தம் பெயரையும், அதன்கீழ் முதலாமாண்டு மாணவி ஒருவரின் பெயரையும் எழுதியிருந்தார்.